வாக்குச் சீட்டைத் தொடும் முன் அரை மணி நேரம்: பட்டி எம்மன்ஸுக்காக ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வாக்காளர்களுக்கு,

அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்தில், கன்ட்ரி இசையில் பெயர் பெற்றவர்களைக் கௌரவிக்கும் கன்ட்ரி மியூசிக் ஹால் ஆஃப் ஃபேமுக்கு ஆண்டுதோறும் ஆள் தேர்ந்தெடுப்பவர்கள் நீங்கள். உங்கள் பெயர்கள் வெளியே சொல்லப்படுவதில்லை. அதனால் பெயரிட்டு எழுத வழியில்லாமல் இப்படித் திறந்த மடலாக எழுதுகிறோம். பாடகருக்குப் பின்னால் உட்கார்ந்து வாசிப்பவர்களுக்கான இடம் மூன்று ஆண்டுக்கு ஒருமுறைதான் வருகிறது. 2018இல் ஃபிடில் வாசித்த ஜானி கிம்பிள். 2021இல் டிரம்மர் எடி பேயர்ஸும் பெடல் ஸ்டீல் (படுக்க வைத்து, தந்திமேல் இரும்புக் கட்டையை நகர்த்தி, காலால் பெடல் அழுத்தி வாசிக்கும் கிட்டார்) வாசித்த பீட் டிரேக்கும். 2024இல் கிட்டார் கலைஞர் ஜேம்ஸ் பர்ட்டன். இவர்களில் ஒருவர்மேலும் எங்களுக்குக் குறையில்லை. அடுத்த முறை 2027இல் வருகிறது. 1937 ஜனவரி 27 அன்று இந்தியானா மாநிலத்து மிஷவாக்காவில் பிறந்த பெடல் ஸ்டீல் கலைஞர் பட்டி எம்மன்ஸுக்கு அந்த ஆண்டு 90 நிறைந்திருக்கும். 2015 ஜூலை 21 அன்று அவர் போய்விட்டார். ஸ்டீல் கிட்டார்க்காரர்கள் தங்களுக்கென்று வைத்திருக்கும் ஹால் ஆஃப் ஃபேம் 1981லேயே அவரைச் சேர்த்துக்கொண்டது. உங்கள் பட்டியலில் இன்னும் அவர் பெயர் இல்லை.

புகழுரை எழுதி உங்கள் நேரத்தை வாங்க விருப்பமில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறோம். சீட்டில் குறியிடும் முன் ஒரு பெடல் ஸ்டீல் கிட்டார் முன்னால் அரை மணி நேரம் உட்காருங்கள். எந்தக் கம்பெனிக் கிட்டாராக இருந்தாலும் சரி. நாஷ்வில்லில் அது கிடைக்காமல் போகாது. என்ன செய்ய வேண்டும் என்பதைக் கீழே எழுதியிருக்கிறோம். இந்த வாத்தியத்தை வாசிப்பவர்களும் கழற்றி மாட்டுபவர்களுமாகச் சேர்ந்து எழுதுகிற மடல் இது.

முதலில் தந்திகள். இ நைன்த் (E9) என்னும் சுருதி அமைப்பில் சேர்த்த கழுத்தில் பத்து இருக்கும். உங்களுக்கு மிகத் தள்ளி இருப்பது ஒன்றாம் தந்தி, மடியை ஒட்டி இருப்பது பத்தாம் தந்தி. தமிழ் வாசகர்களுக்காக இ சுரத்தை 'ச' என்று வைத்துச் சொல்கிறோம்; உங்களுக்கும் அது சுலபமாகத்தான் இருக்கும். ஒன்றிலிருந்து பத்துவரை: ரி, நி, க, ச, ப, க, ரி, ச, கைசிகி நி, ப. வரிசை தாறுமாறாகத் தெரிகிறதா? ஆமாம். எல்லாவற்றிலும் உச்சமான தந்தி மூன்றாவது. அதற்கும் அப்பால் இருக்கும் இரண்டும் அதைவிடத் தாழ்ந்தவை. ஏன் அப்படி என்பதற்குப் பின்னால் வருகிறோம்.

இடது பாதத்தை மூன்று பெடல்களில் இடது ஓரத்து இரண்டின்மேல் வையுங்கள். ஏ பெடல் ஐந்தாம், பத்தாம் தந்திகளின் ப-வை த ஆக்கும். பி பெடல் மூன்றாம், ஆறாம் தந்திகளின் க-வை ம ஆக்கும். இரும்புக் கட்டையை மூன்றாம் ஃபிரெட் கோட்டுக்கு நேர் மேலே வையுங்கள். சாதாரணக் கிட்டாரில் விரலைக் கோட்டுக்குச் சற்றுப் பின்னால் வைப்பார்கள். இங்கே கோட்டின்மேலேயே வைக்க வேண்டும், தலையைச் சாய்க்காமல் மேலிருந்து பார்க்க வேண்டும். சாய்ந்து பார்த்தால் கோடு நகர்ந்து தெரியும், சுருதி போய்விடும். நான்கு, ஐந்து, ஆறாம் தந்திகளை மீட்டுங்கள். ஜி மேஜர் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) கேட்கும். அது ஒலித்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு பெடல்களையும் மெல்ல அழுத்துங்கள். ச அசையாமல் நிற்க, ப ஏறி த ஆகும், க ஏறி ம ஆகும். கட்டை இருந்த இடத்திலேயே இருக்க, சி மேஜர் வந்துவிட்டது. அழுத்தியபடியே ஐந்தாம் ஃபிரெட்டுக்குப் போனால் டி மேஜர். ஒரு பாட்டுக்கு வேண்டிய மூன்று கார்டும் இரண்டு ஃபிரெட் தூரத்துக்குள் அடங்கிவிட்டன.

சித்திரவீணை கேட்டுப் பழகியவர்களுக்கு வழுக்கல் புதிதில்லை. ஆனால் அங்கே கட்டை நகர்ந்தால் எல்லாத் தந்தியும் சேர்ந்து நகரும். ஒரு தந்தி நிற்க இன்னொன்று ஏறுவதுதான் இந்த வாத்தியத்தின் தனிக்குணம். அதைத் தொடங்கியவர் எம்மன்ஸ் இல்லை. வெப் பியர்ஸ் பாடிய 'ஸ்லோலி' 1954இல் வானொலியில் ஓடியபோது, அதில் பட் ஐசக்ஸ் ஒரே பெடலால் இரண்டு தந்திகளையும் சேர்த்து ஏற்றியிருந்தார். ஊரெல்லாம் ஸ்டீல் கிட்டார்க்காரர்கள் அந்த ஒலியைப் பிடிக்கத் தங்கள் வாத்தியங்களைத் துளைபோட ஆரம்பித்தார்கள்.

இப்போது ஏ பெடலை மட்டும் அழுத்துங்கள். ச-க-த வரும், மேஜர் இருந்த இடத்தில் மைனர். அதை விட்டுவிட்டு பி பெடலை மட்டும் அழுத்துங்கள். ச-ம-ப வரும்; முடியாமல் தொங்கி நிற்கும் ஒலி அது. பெடலை விட்டால் ம இறங்கி க-வில் உட்காரும்போது காதுக்கு ஓர் ஆறுதல் கிடைக்கிறதே, கன்ட்ரி பாட்டில் 'அழுகிறது' என்று ஜனங்கள் சொல்வது பெரும்பாலும் அந்த ஒரு இறக்கத்தைத்தான். ஐசக்ஸின் ஒற்றைப் பெடலில் இந்த இரண்டும் கிடையாது. பெடலை இரண்டாகப் பிரித்தவர் எம்மன்ஸ், 1956இல். அப்போது அவருக்கு வயது 19. முந்தைய ஆண்டுதான் பாடகர் லிட்டில் ஜிம்மி டிக்கன்ஸின் குழுவில் சேர்ந்திருந்தார். உங்கள் இடது பாதம் இப்போது இடமும் வலமும் சாய்கிறதே, அந்தச் சாய்வு அவர் வைத்தது. இன்னொரு ஸ்டீல் கலைஞரான ஜிம்மி டே பெடல்களின் வரிசையைத் திருப்பி வைத்துக்கொண்டார். இன்றும் புதுக் கிட்டார் வாங்கப் போனால் கேட்கும் முதல் கேள்வி 'எம்மன்ஸா, டேயா?' என்பதுதான்.

ஒன்றும் இரண்டும் தந்திகளுக்கு வருவோம். 1960களின் தொடக்கத்தில் பாடகர் ரே பிரைஸின் குழுவில் இருந்தபோது எம்மன்ஸ் சேர்த்தவை அவை. அதற்கு முன் இந்தக் கழுத்தில் கார்டு நிறைய இருந்தது. ராகம்போல அடுத்தடுத்த சுரங்களாக ஓட வேண்டுமானால் கட்டையோடு நீங்களும் ஓட வேண்டும். இப்போது கட்டையை அசைக்காமல் இப்படி மீட்டிப் பாருங்கள்: ஐந்தாம் தந்தியில் ப, அதிலேயே ஏ பெடலோடு த, இரண்டாம் தந்தியில் நி, நான்கில் ச, ஒன்றில் ரி, மூன்றில் க, அதிலேயே பி பெடலோடு ம. ஒரே ஃபிரெட்டில் சங்கராபரணத்தின் ஏழு சுரமும் கிடைத்துவிட்டன. வரிசை தாறுமாறாக இருப்பதாகச் சொன்னோமே, அதன் பலன் இது. பெருவிரலும் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மாறி மாறி ஓடப் பக்கத்திலேயே எல்லாம் இருக்கிறது.

வலது கையில் பெருவிரலுக்குப் பிளாஸ்டிக் பிக்கும் (தந்தியை மீட்டும் செயற்கை நகம்) மற்ற இரண்டு விரல்களுக்கு உலோகப் பிக்கும் மாட்டியிருப்பீர்கள். மீட்டிய எல்லாம் ஒன்றோடொன்று கலந்து சேறாக ஒலிக்கிறதா? எல்லாருக்கும் அப்படித்தான் ஆகும். தந்தியை ஒலிக்க வைப்பது பாதி வேலை, நிறுத்துவது மீதி. உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்கத்து ஓரம் தந்திகள்மேல் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். அடுத்த சுரத்தை மீட்டும் கணத்தில் முந்தையதை அந்த ஓரம் அமுக்கிவிட வேண்டும். கையைத் தூக்கித் தூக்கி மீட்டினால் இது ஒருநாளும் வராது. வேகமான ஓட்டங்களில் மீட்டிய பிக்கே திரும்பி வந்து தந்தியைத் தொட்டு நிறுத்தும். இடது கையிலும் இதற்கு வேலை உண்டு. மோதிர விரலும் சுண்டுவிரலும் கட்டைக்குப் பின்னால் தந்திமேல் படிந்து வர வேண்டும். அவற்றைத் தூக்கிவிட்டால் கட்டைக்குப் பின்னால் இருக்கும் தந்தித் துண்டு தானாக முனகும்.

வலது பாதம் வால்யூம் பெடலில் இருக்கும். முழுக்க அழுத்திக்கொண்டு தொடங்காதீர்கள். பாதியில் வைத்து மீட்டி, ஒலி தேயத் தேய மெல்ல அழுத்திக்கொண்டு போனால் சுரம் நீளும். புதிதாக வருபவர்கள் ஒவ்வொரு சுரத்துக்கும் அதைப் பம்பு அடிப்பதுபோல் அடிப்பார்கள். எம்மன்ஸின் ஒலிப்பதிவுகளில் பிக் தந்தியைத் தொடும் ஓசை தெளிவாகக் கேட்கும். அதன் பிறகுதான் ஒலி வீங்கும்.

வாசிப்பு போதும், கொஞ்சம் குனிந்து அடியில் பாருங்கள். பெடலிலிருந்து ஒரு கம்பி மேலே போகிறது. அது குறுக்குத் தண்டைத் திருப்புகிறது. தண்டில் இருக்கும் பெல் கிராங்க் என்ற சின்ன நெம்புகோல் ஒரு நீளக் கம்பியை இழுக்கிறது. அந்தக் கம்பி வலது ஓரத்தில், சுருதியை மாற்றும் பகுதியான சேஞ்சரில் தந்திக்கு ஒன்றாக இருக்கும் உலோக விரலைச் சுழற்றுகிறது. தந்தி அந்த விரலின் வளைந்த தலைமேல் கிடக்கிறது. விரல் சுழன்றால் தந்தி இறுகுகிறது. எம்மன்ஸ் இதை வாசித்ததோடு நிற்கவில்லை. 1957இல் ஷாட் ஜாக்சனோடு சேர்ந்து ஷோ-பட் கம்பெனியைத் தொடங்கினார். 1963இல் அதைவிட்டு விலகி, ரான் லாஷ்லியோடு சேர்ந்து தன் பெயரிலேயே எம்மன்ஸ் கிட்டார் கம்பெனியைத் தொடங்கினார். அங்கே செய்த, கம்பி இழுத்தும் தள்ளியும் சுருதி மாற்றும் புஷ்-புல் கிட்டார்களை இன்றும் தேடி அலைகிறார்கள், சரிசெய்வது எவ்வளவு தலைவலி என்று தெரிந்தும். அவரை ஆசிரியர் என்றும் சொல்வோம்; அதற்கு எங்கள் முதல் சாட்சி இந்தக் கம்பெனிகள்தான். கண்டுபிடித்ததைக் காலுக்கடியில் ஒளித்துவைக்காமல், யாரும் வாங்கி உட்காரும்படி செய்து விற்ற மனிதர். ஜெஃப் நியூமனோடு சேர்ந்து அவர் நடத்திய வகுப்புகள் அதற்கு அடுத்தவை. 2004இல் விமான விபத்தில் இறந்த நியூமன், இந்த வாத்தியத்தைச் சொல்லிக்கொடுப்பதையே தொழிலாகக் கொண்டவர்.

நீங்கள் உட்காரும் கிட்டார் சுருதி கலைந்திருக்கலாம். அப்போது இந்த வரிசையில் போங்கள். முதலில் பெடல் எதையும் தொடாமல் முளைகளைத் திருப்பிப் பத்துத் தந்தியையும் சேருங்கள். பிறகு ஏ, பி இரண்டையும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலது முனைத் தகட்டில் இருக்கும் நைலான் திருகுகளை 3/16 அங்குலச் சாவியால் திருப்பி த-வையும் ம-வையும் சேருங்கள். இதன் பிறகு முளையைத் தொட்டால் அந்தத் தந்தியில் செய்த பெடல் வேலை வீண். திரும்பவும் செய்ய வேண்டும்.

டியூனர் காட்டும் நடுப்புள்ளியில் க-வை நிறுத்தாதீர்கள். ச-வோடு சேர்ந்து ஒலிக்கும்போது அது கூர்மையாக உறுத்தும்; ஏறத்தாழ 14 சென்ட் (ஓர் அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) கீழே இறக்கினால்தான் அதிர்வு அடங்கும். தம்பூரா பழகிய காது டியூனர் இல்லாமலே அந்த இடத்துக்குப் போய்விடும். ச-வைச் சற்றே ஏற்றும் முழங்கால் லிவரை ஏ பெடலோடு சேர்த்தால் ஆறாம் ஃபிரெட்டில் இன்னொரு ஜி மேஜர் கிடைக்கும். அந்தக் கார்டு சுத்தமாக ஒலிக்க லிவரின் சுரம் 29 சென்ட் கீழே இருக்க வேண்டும். உண்மையான தொல்லை ரி தந்தியில்தான். ப-வோடு சேர ஓர் இடம் கேட்கும், த-வோடு சேர அதைவிட 22 சென்ட் கீழே கேட்கும். சதுச்ருதி ரிஷபம், திரிச்ருதி ரிஷபம் என்று நம் ஊரில் பிரித்துப் பேசும் அதே இடைவெளி இது. சிலர் பெடலோடு ரி-யும் கொஞ்சம் இறங்கும்படி இன்னொரு கம்பி போட்டுக்கொள்வார்கள். சிலர் நடுவில் எங்கோ நிறுத்திவிட்டுக் கட்டையைச் சாய்த்துச் சமாளிப்பார்கள். இரண்டும் இல்லாமல் டியூனர்மேல் பழி போடுபவர்களும் உண்டு.

இன்னொன்றையும் சோதித்துப் பாருங்கள். நான்காம் தந்தியை மட்டும் மீட்டி, ஏ-பி இரண்டையும் அழுத்துங்கள். அந்தத் தந்திக்கும் இந்தப் பெடல்களுக்கும் தொடர்பே இல்லை. ஆனாலும் சில சென்ட் இறங்கும். இழுவிசையில் மரச்சட்டமே கொஞ்சம் வளைகிறது. நல்ல கிட்டாரில் இது மிகக் குறைவு, மோசமானதில் காதுக்கே தெரியும்.

எம்மன்ஸ் 11 வயதில் மடியில் வைத்து வாசிக்கும் ஆறு தந்தி லேப் ஸ்டீலோடு தொடங்கியவர். 1963இல் இதே வாத்தியத்தில் ஒரு முழு ஜாஸ் இசைத்தட்டு போட்டார். பாடகர் ரோஜர் மில்லருக்கு பேஸ் கிட்டார் வாசித்தார். 1990களில் பாடகர்களான எவர்லி சகோதரர்களோடு ஊர் ஊராகப் போனார். இவையெல்லாம் உங்கள் கோப்புகளில் இருக்கும். அந்தக் காலத்து இசைத்தட்டு உறைகளில் பின்னணிக் கலைஞர்களின் பெயர் பெரும்பாலும் அச்சாகவில்லை என்பதையும் எங்களைவிட நீங்கள் நன்றாக அறிவீர்கள். கோப்பில் இல்லாதது உங்கள் இடது பாதத்துக்கடியில் இருக்கிறது. அதற்காகத்தான் அந்த அரை மணி நேரத்தைக் கேட்டோம்.

வாசித்துக்கொண்டிருக்கும்போது மூன்றாம் தந்தி பட்டென்று அறுந்தால் பயப்பட வேண்டாம், உங்கள் தவறு இல்லை. வெறும் .011 அங்குலத் தடிமன், எல்லாவற்றிலும் உச்சமான சுருதி, அதோடு ஒவ்வொரு பி பெடலுக்கும் சேஞ்சர் விரலின் தலையில் ஒரே இடத்தில் வளைகிறது. அறுவதும் அங்கேதான். விரல் நுனியால் தடவிப் பாருங்கள். பள்ளம் தட்டுப்பட்டால் கிட்டாரின் சொந்தக்காரரிடம் சொல்லுங்கள், மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் புதுத் தந்தியும் நிற்காது. மாற்றுத் தந்தி நீங்கள் உட்கார்ந்திருக்கும் இருக்கையின் மூடியைத் தூக்கினால் பெரும்பாலும் உள்ளே இருக்கும். 3/16 சாவியும் அங்கேதான்.

இப்படிக்கு,
பெடல் ஸ்டீல் வாசிப்பவர்களும் பழுது பார்ப்பவர்களும்