எறும்புப் பாட்டை வெளியே எடு, மீனா

கவாசாகி, ஜப்பான்
ஞாயிறு இரவு

அன்பு மீனா,

உன் குரல் பதிவு வந்து வாரக்கணக்காகிறது. கைபேசியில் இரண்டு வரி தட்டி அனுப்ப மனசு வரவில்லை, அதனால்தான் இத்தனை தாமதம். இங்கே எல்லோரும் சௌக்கியம். அவருக்கு முதுகுவலி குறைந்திருக்கிறது. சின்னவளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததா? ஜெயந்தி டீச்சர் இன்னும் அதே பச்சை ஸ்கூட்டிதானா? சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

"சின்னப் பிள்ளைகள் பாட்டுக்கு இவ்வளவு மெனக்கெடணுமா, ஒரு சினிமாப் பாட்டைப் போட்டு ஆட விட்டால் போதாதா" என்று உங்கள் பள்ளியில் கேட்டார்களாம். நீயும் ஆண்டுவிழாவுக்கு எழுதிய எறும்புப் பாட்டை மடித்து அலமாரியில் வைத்துவிட்டாயாம். வெங்கடேசன் சாரிடமே தாளத்துக்காகச் சண்டை போட்டவள் நீ. இதற்கு மட்டும் எப்படிடீ வாயை மூடிக்கொண்டு வந்தாய்? கேட்டதிலிருந்து எனக்கு ஆறவே இல்லை.

போன வெள்ளிக்கிழமை எங்கள் பிரிவுத் தலைவருக்குப் பிரிவு உபசார விருந்து. அறுபது வயதாகிறது, ஓய்வு பெறுகிறார். மீட்டிங்கில் அவர் பேசுவது காதில் விழ வேண்டுமானால் பக்கத்து நாற்காலியைப் பிடிக்க வேண்டும், அவ்வளவு மெல்லிய குரல். சாப்பாடு முடிந்ததும் எல்லோருமாகக் கரோக்கே போனோம். இங்கே அது சின்னச் சின்ன அறை. ஒரு மேஜை, ஒரு திரை, இரண்டு மைக், ஒரு பிளாஸ்டிக் கஞ்சிரா. அவர் முறை வந்ததும் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார், மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். 'மஸிங்கர் ஸெட்' என்ற இயந்திர மனிதன் கார்ட்டூனின் தொடக்கப் பாட்டு. 1972-இல் வந்தது, அப்போது அவருக்கு ஆறேழு வயது இருக்கும். திரையில் வரிகள் நிறம் மாறி ஓடிக்கொண்டிருக்கின்றன, அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. முடிவில் 'ஸெட்' என்று நீட்டிக் கூவுகிற இடத்தில் கழுத்து நரம்பு புடைக்கக் கூவினார். இந்த வருடம் வேலைக்குச் சேர்ந்த பொடியனும் கூடச் சேர்ந்து கூவினான். யாரும் சிரிக்கவில்லை, மீனா. அத்தனை பேரும் எழுந்து நின்றோம்.

வீட்டுக்கு வந்ததும் அந்தப் பாட்டைப் பாடியவரைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். இச்சிரோ மிசுகி. அவர் அதைப் பாடியபோது வயது 24. அதற்கப்புறம் வாழ்நாள் முழுக்க கார்ட்டூன் பாட்டுகளையும் சிறுவர் தொடர்ப் பாட்டுகளையும் பாடுவதே தொழில் என்று இருந்துவிட்டார். 1999-இல் 24 மணி நேரத்தில் 1000 பாட்டுகளைப் பாடியிருக்கிறார். கடைசியில் நுரையீரல் புற்றுநோய் மூளை வரை பரவிவிட்டது. 2022 நவம்பர் 27-ஆம் தேதி சக்கர நாற்காலியில் மேடைக்கு வந்து பாடினார், டிசம்பர் 6-ஆம் தேதி காலமானார். மஸிங்கருக்கு இசையமைத்த மிச்சியாகி வதனாபேயும் அதே ஆண்டு ஜூனில், 96 வயதில் போய்ச் சேர்ந்தார். ஐம்பது வருடம் கழித்தும் ஒரு மனுஷன் அதைத் திரையைப் பார்க்காமல் பாடுகிறார் என்றால், செய்தவர்கள் எவ்வளவு மனசு வைத்துச் செய்திருக்க வேண்டும்!

தோக்கியோவில் தகதனோபாபா என்று ஒரு ஸ்டேஷன். ரயில் புறப்படும்போது அங்கே மணிக்குப் பதில் 'ஆட்டம்' (Atom) என்ற எந்திரப் பையன் கார்ட்டூனின் பாட்டு மெட்டு ஒலிக்கும். ஒசாமு தெசூகாவின் கதைப்படி அந்த எந்திரப் பையன் பிறந்தது 2003-இல், அந்த வட்டாரத்தில்தான். அதனால் அந்த ஆண்டிலிருந்து இந்த மெட்டு. தொடர் 1963 புத்தாண்டு அன்று தொடங்கியபோது தொடக்கத்தில் வெறும் இசைதான், வரிகள் பிறகுதான் சேர்ந்தன. எழுதியது யார் தெரியுமா? ஷுன்தாரோ தனிகாவா. இந்த நாட்டின் பெரிய கவிஞர்களில் ஒருவர், 2024-இல்தான் காலமானார். அவ்வளவு பெரிய கவிஞர் வானத்தைத் தாண்டிப் பறப்பதைச் சொல்லிவிட்டு நடுவில் தாராளமாக 'லலலா' போட்டிருக்கிறார். பிள்ளைகள் வாயில் எது உருளும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. உன் பாட்டில் 'டுக்கு டுக்கு' வருகிறதே, அதை எடுத்துவிடச் சொன்னவர்களிடம் இதைச் சொல்.

நமக்கும் ஒன்று இருந்ததே! ராஜாமணி மாமி வீட்டுத் திண்ணையில் ஞாயிற்றுக்கிழமை காலை, தூர்தர்ஷன், மௌக்லி. அதுவும் ஜப்பானில் செய்த தொடர்தான். நிப்பான் அனிமேஷன் 1989-இல் எடுத்தது. இந்திக்கு வந்தபோது அதன் பாட்டைக் குல்சார் எழுதி விஷால் பரத்வாஜ் இசையமைத்தார். ஜட்டி போட்ட பூ ஒன்று காட்டில் பூத்திருக்கிறது என்று குல்சாருக்குத் தோன்றியிருக்கிறது பார். ஒரு வார்த்தைக்கும் பொருள் தெரியாமல் தெரு முழுக்கப் பாடினோமே. உன் தம்பி வெறும் ஜட்டியோடு தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நின்று ஆடியது இன்னும் கண்ணில் நிற்கிறது. அவனுக்குக் கல்யாணப் பரிசாக ஒரு ஓநாய் பொம்மை வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தேன். மறக்கவில்லை என்று சொல்.

எல்லாப் பாட்டும் தவமிருந்து வந்தது என்று சொல்ல மாட்டேன். 1995-இல் வந்த 'எவாஞ்சலியன்' தொடரின் பாட்டை இன்றைக்கும் கரோக்கேயில் யாராவது ஒருவர் பாடாமல் விடுவதில்லை. அதை எழுதிய நெகோ ஒய்காவா, திட்டக் குறிப்பைப் புரட்டிவிட்டு, வீடியோவை வேகமாக ஓட்டிப் பார்த்துவிட்டு, இரண்டு மணி நேரத்தில் எழுதிக் கொடுத்ததாக அவரே சொல்லியிருக்கிறார். கைத்தொழில் தெரிந்தவர், அதனால் முடிந்தது. உனக்கும் தொழில் தெரியும்.

என்னைத் தூங்கவிடாமல் செய்தது இன்னொரு பாட்டு. 'டிஜிமான்' கார்ட்டூனின் தொடக்கப் பாட்டு, 'பட்டர்-ஃப்ளை'. நம் வயதுக்காரி ஒருத்தி அன்றைக்குப் பாடினாள். தொடரில் அதைப் பாடியவர் கோஜி வதா, 1999-இல் அதுதான் அவருடைய முதல் பாட்டு. 2003-இல் மூக்குத் தொண்டையில் புற்றுநோய். நிறுத்தினார், குணமாகித் திரும்பினார், மறுபடி வந்தது, மறுபடி திரும்பினார். 2015-இல் அந்தத் தொடரின் பிள்ளைகள் மேல்நிலைப் பள்ளிக்கு வளர்ந்து படமாக வந்தபோது அதே பாட்டைப் புதிதாகப் பாடிக் கொடுத்தார். 2016 ஏப்ரலில் போய்விட்டார். 42 வயது. எல்லையில்லாத கனவுக்குப் பிறகு ஒன்றுமில்லாத உலகத்தில், உறுதியில்லாத சிறகை வைத்துக்கொண்டும் பறக்கலாம் என்கிற மாதிரி அதில் வருகிறது. அன்றைக்குக் கேட்ட பிள்ளைகளுக்கு இது எங்கே புரிந்திருக்கும்? நாற்பது வயதில் அவளுக்குப் புரிகிறது. கடைசி வரிகளில் அவளால் பாட முடியவில்லை, நாங்கள்தான் பாடி முடித்தோம். நம் மல்லிகா போன வருஷம் மருத்துவமனையில் படுத்துக்கொண்டு மௌக்லி பாட்டைக் கேட்டாளே, அது ஞாபகம் வந்தது. வேறு எத்தனையோ பாட்டு இருக்க, அவள் அதைத்தான் கேட்டாள்.

இப்போது உன் பாட்டு. வரியை எடுத்து வாசித்துப் பார்த்தேன். இங்கே தொலைக்காட்சித் தொடக்கப் பாட்டுக்கு ஒன்றரை நிமிடம்தான். முதலில் அடங்கிய குரலில் கொஞ்சம், அடுத்து மெல்ல ஏறும், அப்புறம் இவர்கள் 'சாபி' என்று சொல்கிற உச்சப் பகுதி. பிள்ளைகள் எதைக் கத்திப் பாடப் போகிறார்களோ அது அங்கே இருக்கும். உன் பாட்டில் கத்த வேண்டிய வரி இரண்டாம் சரணத்தில் ஒளிந்திருக்கிறது. 'மழை வருது, மூட்டையைத் தூக்கு' என்பதை முன்னால் கொண்டு வா. 'வரிசையிலே வழிதெரிந்து வருகின்ற எறும்புகளே' என்பது இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரே மூச்சில் வராது, நடுவில் உடை. மற்றபடி ஒரு சொல்லையும் தொடாதே. அந்தக் குட்டி எறும்பு பின்தங்கி நிற்கிற இடம் அவ்வளவு அழகு.

பள்ளியில் வேண்டாம் என்றால் மார்கழியில் கோயில் மண்டபத்தில் பாட வை, தெருப் பிள்ளைகளே போதும். மோகன் அண்ணா கீபோர்டைச் சும்மாதான் வைத்திருக்கிறார், நான் பேசிவிட்டேன், தருகிறேன் என்றார். மெட்டை மட்டும் பாடிப் பதிவு செய்து அனுப்பு, தம்புரா கூட வேண்டாம். சின்னவளுக்கு நான் இங்கே சொல்லித் தருகிறேன். பல் இல்லாத வாயில் 'டுக்கு டுக்கு' எப்படி வருகிறது என்று உனக்கும் தெரிய வேண்டாமா?

அம்மாவுக்கு என் நமஸ்காரம். வற்றல் அனுப்ப வேண்டாம் என்று சொல், போன தடவையே சுங்கத்தில் பிரித்துப் பார்த்தார்கள்.

அன்புடன்,
சுதா