எங்க தோட்டத்துத் திராட்சை

பாப்பா,

கல்யாணமாகிப் பத்தாவது வருஷத்துக்கு நீ போட்ட படத்தைப் பார்த்தேன். கையில் அந்தப் பொக்கே. கீழே "எங்க தோட்டத்துத் திராட்சை, எங்க அக்கா கட்டினது" என்று எழுதியிருக்கிறாய். பின்பாதி சரி. முன்பாதியைப் பற்றி அப்பா இருக்கிறவரை வாய் திறக்கக் கூடாது என்று இருந்தேன். இப்போது அவரும் இல்லை. போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், அதனால் இங்கே.

தோட்டம் உன் கல்யாணத்துக்குப் பதினாறு நாள் முன்பே கிரயமாகிவிட்டது. கல்யாணம் முடிந்து விற்றதாகத்தானே உன்னிடம் சொன்னோம். எத்தனை பவுனுக்காக என்று எழுத மாட்டேன், உன் வீட்டு ஆட்களும் இதைப் படிப்பார்கள். அவர்கள் வாய்விட்டு எதுவும் கேட்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

கேட்டது நீதான். வெறும் பூ வேண்டாம், நம் பந்தல் பன்னீர் திராட்சை பொக்கேயில் தொங்கணும் என்று. அப்பா "அதுக்கென்னத்தா" என்றார்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் விடியற்காலை நாலு மணிக்கு நானும் அவரும் போனோம். அவர் டார்ச்சைத் துண்டால் மூடிப் பிடித்திருந்தார். பந்தலுக்குக் கீழே அவர் எப்போதும் குனிந்துதான் நடப்பார், அன்றைக்கு இன்னும் குனிந்து நடந்தார். எந்தக் கல்தூணுக்குப் பக்கத்தில் கொத்து இறுக்கமாக இருக்கும் என்று இருட்டிலேயே தெரிந்தது அவருக்கு. பழத்தின் மேலிருக்கும் சாம்பல் பூச்சு கலையக் கூடாது என்று காம்பை மட்டும் பிடித்துக் கொடுத்தார், நான் வெட்டினேன். "நல்லாப் பழுத்தது வேணாம்பா, வெடிச்சிரும்" என்றேன். நாலு கொத்து. கிளம்பும்போது நூறு ரூபாய் நோட்டு ஒன்றைப் பந்தல் கம்பியில் செருகினார். பத்தடி நடந்தவர் திரும்பிப் போய் அதை எடுத்துக்கொண்டார். "வச்சா நாமதான்னு தெரிஞ்சிரும்."

எத்தனை வருஷம் காவலுக்குப் படுத்திருந்த தோட்டம் அது.

வாங்கியவர் நல்ல மனிதர். கேட்டிருந்தால் ஒரு கூடையே கொடுத்திருப்பார். ஆனால் கேட்டால் ஊருக்குத் தெரியும், ஊருக்குத் தெரிந்தால் உனக்குத் தெரியும்.

அப்புறம் நீ காலையில் என்னைத் திட்டினாயே, "வாடின பூவாப் பாத்து வாங்கினியா?" என்று. கொடைக்கானல் கார்னேஷன், முந்தின நாள் வந்தது. ஒவ்வொரு கொத்துக் காம்பிலும் கம்பி சுற்றி, பச்சை டேப் ஒட்டி, திராட்சையைக் கழுவாமல், நசுங்கின பழத்தை நகக்கத்திரியால் ஒவ்வொன்றாக எடுத்து, ராத்திரி ஒரு மணி வரைக்கும் கட்டினேன். இடமில்லை என்று பெரியம்மா அதைப் பந்திக்கு வைத்திருந்த வாழைத்தார் அறையில் வைத்துவிட்டார். பழுக்கிற வாழையிலிருந்து எத்திலீன் வாயு வரும், அது பட்டால் கார்னேஷன் இதழ் உள்பக்கமாகச் சுருண்டுவிடும். இதே தொழிலுக்கு வந்த பிறகுதான் எனக்கு இது தெரிந்தது. திராட்சையால் அந்தத் தொல்லை கிடையாது. இப்போது பழம் வைத்த பொக்கே கேட்டு வருகிறவர்களிடம் முதலில் இதைத்தான் சொல்கிறேன். உன்னிடம் சொல்லத்தான் பத்து வருஷம் ஆனது. நீயும் மன்னிப்புக் கேட்கவில்லை, ஞாபகம் இருக்கட்டும்.

சரி, நான்தான் பொய் சொன்னேன். உன் முகம் வாடக் கூடாது என்றுதான். முழுக்க அதற்காகவும் இல்லை. அப்பாவோடு நான் மட்டும் பங்குபோட்ட ரகசியம் ஒன்று இருக்கட்டுமே என்றும் இருந்தது.

2023இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததும் குடும்பக் குழுவில் கைதட்டும் பொம்மையாக வரிசையாகப் போட்டாய். 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்த கொடி என்று அப்பா சொல்வதையும் எழுதியிருந்தாய். அதைப் படித்த அன்று நம் பெயரில் ஒரு கொடிகூட இல்லை. உன்மேல் அவ்வளவு கோபம் வந்தது. நீ என்ன செய்வாய், பாவம்.

படத்தை எடுக்காதே. அந்த வரியை மட்டும் மாற்று. இல்லை, விடு, இருக்கட்டும்.

காரில் ஏறும்போது பொக்கேயை என் கையில் திணித்துவிட்டுப் போனாய். அன்று ராத்திரி அப்பா கம்பியைப் பிரித்து, ஒரு கொத்தைக் கழுவி, ஒரு பழத்தை வாயில் போட்டார்.

"புளிக்குது. இன்னும் நாலு நாள் விட்டிருக்கணும்" என்றார்.

அக்கா