எழுவாயைக் காணோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தலைவர்களின் மேடைப்பேச்சு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். உவமை, அடுக்குமொழி, கைதட்டல் வாங்கும் இடம் என்று நன்றாகவே அலசியிருந்தார்கள். சின்னச் சின்னச் சொற்களைத்தான் விட்டுவிட்டார்கள்.

'நாம்', 'நாங்கள்' இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். கேட்பவரைச் சேர்த்துக்கொண்டால் நாம், விலக்கினால் நாங்கள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'we' என்று ஒரே சொல். 1940 ஜூன் 4 அன்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் சர்ச்சில், கடற்கரைகளில் போரிடுவோம், வயல்களில், தெருக்களில் போரிடுவோம் என்று அடுக்கினாரே, அந்த ஒரு சொல் அவர் நாட்டு மக்களுக்கு 'நாம்', ஹிட்லருக்கு 'நாங்கள்'. ஒரே மூச்சில் அணைப்பும் மிரட்டலும்! இதைத் தமிழில் பெயர்க்க உட்கார்ந்தால் திண்டாட்டம்தான். 'போரிடுவோம்' என்று வினைமுற்றோடு நிறுத்திக்கொண்டால் தப்பிக்கலாம்; எழுவாயைப் போட்டால் ஏதாவது ஒரு பக்கம் நின்றே ஆக வேண்டும்.

சரி, செய்தவரே இல்லாத வாக்கியம்? ஈரானுக்கு ரகசியமாக ஆயுதம் விற்ற விவகாரம் வெடித்த பிறகு, 1987 ஜனவரியில் அமெரிக்க அதிபர் ரீகன், கடுமையான தவறுகள் செய்யப்பட்டன என்றார். அதே உரையில் பொறுப்பேற்பதாகவும் சொன்னார், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் தவறு செய்தது யார்? அந்த வாக்கியத்தில் ஆளே கிடையாது. டம்ளரைக் கீழே போட்ட பிள்ளை 'உடைஞ்சு போச்சு' என்று சொல்வதும் இதே தந்திரம்தான்.

பெயர் வைப்பது இன்னொரு வகை. 2022இல் உக்ரைனுக்குள் படையை அனுப்பிய புதின் அதைச் 'சிறப்பு ராணுவ நடவடிக்கை' என்றார். 'போர்' என்று எழுதக் கூடாது என ரஷ்ய ஊடகங்களுக்கு உத்தரவு போனது. ராணுவத்தைப் பற்றிப் 'பொய்த் தகவல்' பரப்பினால் 15 ஆண்டுகள் வரை சிறை என்று சட்டமும் வந்தது. ஒரு சொல்லுக்கு இவ்வளவு காவல்!

உங்களிடம் ஒரு வேண்டுகோள். தலைவர்கள் வைக்கும் பெயர்களை மேற்கோள் குறி இல்லாமல் அப்படியே எடுத்தாளாதீர்கள். அப்புறம், 'கலைக்கப்பட்டது', 'அகற்றப்பட்டன' என்று முடியும் தலைப்புகளைக் கொஞ்சம் குறையுங்கள். அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் பக்க ஓரத்தில் பென்சிலால் 'யார்?' என்று எழுதுவது என் வழக்கம். சென்ற இதழில் மட்டும் நான்கு முறை எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்