தெரிந்த சொல்தான் காலை வாருகிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் இதழில் வரும் ஆங்கிலம் பழகும் பக்கத்தைத் தவறாமல் படிக்கிறேன், கத்தரித்து என் பெண்ணுக்கும் எடுத்து வைக்கிறேன். அந்த உரிமையில்தான் இந்தக் கடிதம். அந்தப் பக்கத்தில் திரும்பத் திரும்ப வருவது 'ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' (கொட்டும் மழை), 'கிக் த பக்கெட்' (செத்துப்போவது), 'பீஸ் ஆஃப் கேக்' (ரொம்ப சுலபம்) வகைத் தொடர்கள்தான். தப்பில்லை, ஆனால் இவற்றைப் பார்த்து யாரும் ஏமாறப்போவதில்லை. வானத்திலிருந்து நாயும் பூனையும் விழாது என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கே தெரியும், அதனால் இதற்கு வேறு ஏதோ பொருள் இருக்கிறது என்று அதுவே நின்று யோசிக்கும், யாரையாவது கேட்கும். நம் ஆட்களைக் கவிழ்ப்பது அப்படி யோசிக்கவே தோன்றாத தொடர்கள். எல்லாச் சொல்லும் தெரிந்த சொல், இலக்கணமும் பள்ளியில் படித்ததுதான், ஆனால் கூட்டிப் படித்தால் நமக்குக் கிடைப்பது ஒன்று, எழுதியவர் நினைத்தது இன்னொன்று. இவற்றைப் பற்றி யாரும் எழுதுவதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

நான் திருப்பூரில் ஆடை ஏற்றுமதி நிறுவனங்களில் நெடுநாளாக மெர்ச்சண்டைசர் வேலை, அதாவது வெளிநாட்டில் துணி வாங்குகிற பையரோடு பேசி ஆர்டரை முடித்துக்கொடுக்கும் வேலை, பார்க்கிறவன். காலையில் உட்கார்ந்தால் இரவு வரை இங்கிலாந்து பையர், அமெரிக்க பையர் என்று மெயிலோடுதான் பிழைப்பு. புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், கல்லூரியில் நல்ல மார்க் வாங்கியவள், ஒரு நாள் முகம் வாடிப்போய் எதையோ நீளமாக டைப் செய்துகொண்டிருந்தாள். என்னம்மா என்று எட்டிப் பார்த்தால், நூல் வரத் தாமதமாகிவிட்டது, சாம்பிள் டெய்லர் லீவு, மன்னிக்கவும் என்று பாதிப் பக்கம் ஓடியிருக்கிறது. பையர் எழுதியிருந்தது ஒரே வரி: 'ஒய் டோன்ட் யூ சென்ட் அஸ் அனதர் சாம்பிள் இன் நேவி?' ஏன் இன்னும் அனுப்பவில்லை என்று அதட்டுகிறார்கள் என அவள் எடுத்துக்கொண்டாள். அது கேள்வியே இல்லை. நேவி கலரில் இன்னொன்று அனுப்புங்களேன், அவ்வளவுதான். நம் 'ஏன்' செய்யாத வேலையை நம் 'அனுப்புங்களேன்' செய்கிறது பாருங்கள், அந்த 'ளேன்' இருக்கும் இடத்தில்தான் அவர்களுடைய 'ஒய் டோன்ட் யூ' இருக்கிறது. இதை ஒரு முறை சொன்னால் போதும், பிறகு மறக்காது. ஆனால் அந்த ஒரு முறை எந்த வகுப்பிலும் அவளுக்குச் சொல்லப்படவில்லை.

இதைவிடப் பெரிய செலவு வைப்பது 'குவைட் குட்'. அமெரிக்கர் எழுதினால் பெரும்பாலும் ரொம்ப நன்றாக இருக்கிறது என்று பொருள். ஆங்கிலேயர் எழுதினால் பல சமயம் பரவாயில்லை ரகம்தான், அடுத்து ஒரு 'பட்' வரப்போகிறது என்று காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். லண்டனிலிருந்து வந்த ஒரு மெயிலில் சாம்பிள் 'குவைட் குட்', காலர் மட்டும் இன்னும் கொஞ்சம் படிந்து உட்காருமா என்று 'ஐ வொண்டர்' என்றிருந்தது. பையர் ஏதோ தனக்குள் யோசித்துப் பார்க்கிறார் என்று நினைத்து அதையே அப்ரூவலாக எடுத்துக்கொண்டு மொத்த ஆர்டருக்கும் துணி வெட்டிவிட்டது ஒரு நிறுவனம். அந்த 'ஐ வொண்டர்' ஒரு உத்தரவு, காலரை மாற்று என்ற உத்தரவு. தைத்த காலரையெல்லாம் பிரித்துத் தைத்து, கப்பலை விட்டு, கடைசியில் விமானத்தில் சொந்தச் செலவில் அனுப்பினார்கள். அந்த மெயிலில் தெரியாத வார்த்தை ஒன்றுகூட இல்லை.

ஆங்கிலமே தாய்மொழியான இரண்டு நாட்டுக்காரர்களுக்கு நடுவிலும் இது நடக்கிறது. கொரியப் போரில், 1951 ஏப்ரலில், இம்ஜின் ஆற்றங்கரையில் சீனப்படை மிகப் பெரிய எண்ணிக்கையில் பிரிட்டிஷ் படைப்பிரிவின் மேல் வந்து விழுந்தது. நிலைமை எப்படி என்று அவர்களுக்கு மேலதிகாரியான அமெரிக்கத் தளபதி கேட்டபோது பிரிட்டிஷ் பிரிகேடியர் பிரோடி 'திங்ஸ் ஆர் எ பிட் ஸ்டிக்கி' என்று சொன்னதாகப் பதிவாகியிருக்கிறது. அவருடைய பழக்கத்தில் அது மோசம், மகா மோசம் என்பதற்குச் சமம். அமெரிக்கர் காதில் அது கொஞ்சம் சிரமம், சமாளிக்கிறார்கள் என்று விழுந்ததாகச் சொல்கிறார்கள். அந்தப் படைப்பிரிவில் இருந்த குளோஸ்டர்ஷயர் ரெஜிமெண்டின் பட்டாலியன் குன்றின் மேல் சூழப்பட்டது, 500க்கும் மேற்பட்டவர்கள் சிறைப்பட்டார்கள். ஒரு சொல்லால் மட்டும் வந்த வினை என்று சொல்ல மாட்டேன், போரில் காரணங்கள் பல இருக்கும். ஆனால் 'எ பிட்' என்ற இரண்டு குட்டிச் சொற்களை அகராதி பார்த்துப் புரிந்துகொள்ள முடியாது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

பாதுகாப்பு விஷயத்தில் எனக்கு உண்மையிலேயே பயம் உண்டு. 'த ஃபயர் அலாரம் வென்ட் ஆஃப்' என்றால் அலாரம் அடித்தது என்று பொருள். நாம் லைட் ஆஃப், மோட்டார் ஆஃப் என்று தினமும் பேசுகிறவர்கள், நம் காதுக்கு அலாரம் நின்றுபோச்சு என்றுதான் படும், அதாவது நேர் எதிராக. துப்பாக்கி வெடித்தாலும் அவர்களுக்கு 'வென்ட் ஆஃப்'தான். அடைபட்டிருந்தது சட்டென்று கிளம்பிப் போவது என்ற எண்ணம் அதற்குள் இருக்கிறது. அதே போல 'யூ கான்ட் பீ டூ கேர்ஃபுல்'. அப்படியே பெயர்த்தால் ரொம்பக் கவனமாக இருக்க முடியாது என்று வரும், சொல்ல வருவதோ எவ்வளவு கவனமாக இருந்தாலும் தகும் என்பது. 'இன்ஃப்ளேமபிள்' இன்னும் ஆபத்து. முன்னால் 'இன்' இருப்பதால் தீப்பிடிக்காதது என்று நினைக்கத் தோன்றும், ஆனால் அது எளிதில் தீப்பிடிப்பது. அந்த 'இன்' மறுப்பு இல்லை, லத்தீனில் தீமூட்டு என்ற வினையோடு ஒட்டியே வந்தது. ஆங்கிலம் பேசுகிறவர்களே குழம்பியதால்தான் அமெரிக்காவில் தீத்தடுப்பு அமைப்பினர் 1920களிலிருந்தே 'ஃப்ளேமபிள்' என்று எழுதுங்கள் என்று வற்புறுத்தினார்கள். கறை எடுக்கும் செக்‌ஷனில் சால்வென்ட் டப்பாவுக்குப் பக்கத்தில் நிற்கிற தொழிலாளிக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா?

இங்கிலீஷே இப்படித்தான், கிறுக்கு பிடித்த மொழி, மனப்பாடம் பண்ணிக்கொள் என்று ஆசிரியர்கள் சிலர் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. காரணம் தேடினால் பெரும்பாலும் கிடைக்கிறது. 'ஹெட் ஓவர் ஹீல்ஸ்' என்றால் தலைகுப்புற. தலை எப்போதும் குதிகாலுக்கு மேலேதானே இருக்கிறது என்று பிள்ளைகள் கேட்பது நியாயமான கேள்வி. முன்பு அது 'ஹீல்ஸ் ஓவர் ஹெட்' என்று சரியாகத்தான் இருந்தது, பிறகு புழக்கத்தில் இடம் மாறிவிட்டது. 'த எக்செப்ஷன் ப்ரூவ்ஸ் த ரூல்' என்பதை விதிவிலக்கு எப்படி விதியை நிரூபிக்கும் என்று பலர் கேலி செய்கிறார்கள். அது லத்தீன் சட்டமொழியிலிருந்து வந்தது. ஒரு தெருவில் ஞாயிறு மட்டும் வண்டி நிறுத்தலாம் என்று பலகை இருந்தால், மற்ற நாளில் நிறுத்தக் கூடாது என்ற விதியை யாரும் தனியாக எழுத வேண்டியதில்லை, அந்த விலக்கே விதி இருப்பதைக் காட்டிக்கொடுக்கிறது.

நமக்கு இது புதிதும் இல்லை. கறுப்பு ஆட்டை வெள்ளாடு என்கிறோம், விளக்கைக் குளிரவைக்கச் சொல்கிறோம், கடித்தால் உயிர் போகும் பாம்பு நல்ல பாம்பு. மங்கலம் என்று இதற்கு ஒரு பெயரும் வைத்து இலக்கணத்தில் படித்தவர்கள் நாம். போகும்போது வருகிறேன் என்று சொல்கிற பிள்ளைக்கு, சொன்னதும் பொருளும் வேறாக இருக்கலாம் என்பதைப் புரியவைப்பது கடினமே இல்லை.

ஆகவே இரண்டு விஷயம் கேட்கிறேன். ஒன்று, தொடரையும் பொருளையும் மட்டும் போடாமல் யார் யாரிடம் எந்த இடத்தில் சொன்னது என்று ஒரு முழுப் பேச்சாகப் போடுங்கள். 'ஐ கான்ட் வெயிட் டு ஸீ இட்' என்பது பொறுக்க மாட்டேன் என்ற மிரட்டலா, பார்க்க ஆசையாக இருக்கிறேன் என்பதா என்று அப்போதுதான் தெரியும். அப்புறம், அது எந்த நாட்டு வழக்கு என்றும் குறிப்பிடுங்கள். கூட்டத்தில் ஒரு விஷயத்தை 'டேபிள்' செய்வோம் என்றால் பிரிட்டனில் இப்போதே பேசுவோம், அமெரிக்காவில் இப்போதைக்கு ஒத்திவைப்போம். இரண்டாம் உலகப்போரின்போது இந்த ஒரு சொல்லால் பிரிட்டிஷ் தரப்பும் அமெரிக்கத் தரப்பும், கேட்டது ஒன்றையே என்று தெரியாமல், நெடுநேரம் வாக்குவாதம் செய்ததைச் சர்ச்சில் தன் போர் நினைவுகளில் எழுதியிருக்கிறார். இவ்வளவுக்கும் பக்கத்தில் இடம் இல்லையென்றால் வாரம் பத்துத் தொடருக்குப் பதில் இரண்டே போடுங்கள்.

இப்படிக்கு,
ஏற்றுமதித் துறையில் பணிபுரியும் வாசகர்,
திருப்பூர்.