'ஐ லவ் லூசி'க்கு முன்னாடி நாலு வருஷம் எங்கே?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன இதழில் அமெரிக்க டிவி நகைச்சுவை பற்றி வந்த கட்டுரையை ஆசையாகப் படித்தேன். நன்றாகவே இருந்தது. ஆனால் கட்டுரையாளர் வானொலிக் காலத்திலிருந்து ஒரே தாவலாக 1951-இல் தொடங்கிய 'ஐ லவ் லூசி' என்ற காமெடித் தொடருக்குப் போய்விட்டார். நடுவில் நியூயார்க்கிலிருந்து வாராவாரம் லைவாகப் போன நிகழ்ச்சிகளை அப்படியே விட்டுவிட்டது எனக்கு மனசு கேட்கவில்லை.

1948 ஜூனில் டிவி ஷோ நடத்த வந்த மில்டன் பெர்லையும் எட் சல்லிவனையும் பற்றியாவது எங்கேயாவது எழுதுகிறார்கள். காமெடியன் மோரி ஆம்ஸ்டர்டாமின் 'மோரி ஆம்ஸ்டர்டாம் ஷோ'வை யார் சொல்கிறார்கள்? 1948 டிசம்பரில் சிபிஎஸ் டிவி நெட்வொர்க்கில் ஆரம்பித்து, அடுத்த ஏப்ரலில் டுமான்ட் என்ற இன்னொரு நெட்வொர்க்குக்கு மாறி, 1950 அக்டோபர் வரை ஓடியது. கதை நடப்பது ஒரு நைட் கிளப்பில், டுமான்டில் அதற்குப் பெயர் கோல்டன் கூஸ் கஃபே. அந்தக் காலத்து லைவ் டிவிக்கு இதைவிடத் தோதான ஏற்பாடு கிடையாது என்பேன். பாட்டுக்காரர் வந்தால் ஏன் வந்தார் என்று காரணம் சொல்ல வேண்டாம், நைட் கிளப்புக்குப் பாடத்தானே வருவார்கள். காமெடியன் மேடையில் நின்று ஜோக்காக அடுக்கலாம், சர்வர் குறுக்கே புகுந்து அதைக் கெடுக்கலாம், எல்லாவற்றுக்கும் ஒரே செட் போதும் என்பதால் அந்தப் பெரிய கேமராக்களை இழுத்துக்கொண்டு அலையவும் வேண்டாம், பணமும் மிச்சம்.

ஆம்ஸ்டர்டாம், பெரிய வயலின் மாதிரி இருக்கும் செல்லோவைக் கையில் வைத்துக்கொண்டு மூச்சு விடாமல் ஜோக் சொல்வார். சிபிஎஸ்ஸில் வாசலில் நிற்கும் சார்லி, டுமான்டில் மந்தமான சர்வர் நியூட்டன், இரண்டுமே நடிகர் ஆர்ட் கார்னிதான். பின்னாளில் 'தி ஹனிமூனர்ஸ்' காமெடித் தொடரில் எட் நார்ட்டனாக உலகமே கொண்டாடிய அதே கார்னி. 'ஹாரி அண்ட் டோன்டோ' படத்துக்காக ஆஸ்கரும் வாங்கினார். சிகரெட் விற்கும் லோலாவாக வந்தவர் ஜாக்குலின் சூசன், 1960-களில் நாவல் எழுதிப் பெரும் புகழ் பெற்றவர். இவ்வளவு பேர் கூடிய ஒரு நிகழ்ச்சிக்கு உங்கள் கட்டுரையில் ஒரு வரி கூட இல்லை.

காரணம் திறமைக் குறைவு இல்லை சார். 'ஐ லவ் லூசி'யை ஹாலிவுட்டில் சினிமா ஃபிலிமிலேயே எடுத்தார்கள், அதனால் இன்றும் பளிச்சென்று இருக்கிறது, மறுஒளிபரப்பிலேயே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவிட்டது. லைவ் நிகழ்ச்சிகளுக்கு மிஞ்சியதெல்லாம் கினெஸ்கோப், அதாவது டிவி திரைக்கு எதிரே ஃபிலிம் கேமராவை வைத்துப் பிடித்த படம். முகமெல்லாம் வெளிறி, ஓரங்கள் மங்கித்தான் இருக்கும். அதையும் ஒழுங்காக வைத்துக்கொள்ளவில்லை. டுமான்ட் 1956-இல் மூடிய பிறகு எஞ்சியிருந்த கினெஸ்கோப்புகள் 1970-களில் லாரி லாரியாக நியூயார்க் விரிகுடாவில் கொட்டப்பட்டதாக, நடிகை ஈடி ஆடம்ஸ் 1996-இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் நடத்திய விசாரணையில் சொல்லியிருக்கிறார். அதைப் படித்தபோது எனக்கு வயிறு எரிந்தது. ஃபிலிம் யாரிடம் இருந்ததோ அவர்களையே முன்னோடி என்று எழுதிவிட்டுப் போவது எப்படிச் சரியாகும்?

ஆம்ஸ்டர்டாம் ஷோவில் தப்பிய எபிசோடுகள் சில இருக்கின்றன, இணையத்தில் தேடினால் கிடைக்கும். இரண்டாம் பாகம் எழுதும் எண்ணம் இருந்தால், கட்டுரையாளரை முதலில் கார்னி சர்வராக வரும் எபிசோடு ஒன்றைப் பார்க்கச் சொல்லுங்கள், அப்புறம் எழுதட்டும்.

– ஒரு வாசகர், மதுரை