எந்த முத்திரை என்று பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரிச் சேர்க்கை தொடங்கிவிட்டால் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தைப் பற்றிய அறிமுகங்கள் நாளிதழ்களில் வர ஆரம்பிக்கும். 1990-இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலிருந்து பிரிந்தது, திருநெல்வேலியை அடுத்த அபிஷேகப்பட்டியில் பரந்த வளாகம், நெல்லை, தென்காசி, தூத்துக்குடி, குமரி மாவட்டக் கல்லூரிகள் இதன்கீழ் வருகின்றன என்று சொல்லி, துறைகளின் பட்டியலோடு முடித்துவிடுவார்கள். தவறில்லை. ஆனால் குமரி மாவட்டத்தில் இதன் பட்டம் வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் அந்த வளாகத்தில் படித்தவர்கள் அல்லர். நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ அகஸ்தீஸ்வரத்திலோ படித்து முடித்துவிடுகிறார்கள். அவர்களுக்கு யுனிவர்சிட்டி என்றால் சான்றிதழின் தலையில் இருக்கும் முத்திரைதான். அதைப் பற்றி எழுத ஆளில்லாததால், கல்லூரி அலுவலகங்களில் சான்றிதழ் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நாங்கள் எழுதுகிறோம்.

நம் மாவட்டத்தில் தாத்தா, அப்பா, மகள் மூவரும் ஒரே கல்லூரியில் படித்திருப்பார்கள். பட்டமோ மூன்று பல்கலைக்கழகத்துடையது. குமரி திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தபோது, 1937-இல் திருவிதாங்கூர் பல்கலைக்கழகம் வந்தது. 1956 நவம்பர் 1 அன்று குமரி தமிழகத்தோடு இணைந்தபின் இங்குள்ள கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் போயின. 1966-இல் மதுரைப் பல்கலைக்கழகம் உருவானதும் அங்கே. அதற்குக் காமராசர் பெயர் சேர்ந்தது 1978-இல்தான். அதனால் ‘மதுரைப் பல்கலைக்கழகம்’ என்று மட்டும் அச்சிட்ட பழைய சான்றிதழைக் கண்டு போலி என்று யாரும் பயப்பட வேண்டாம். 1990-க்குப் பிறகுதான் அபிஷேகப்பட்டி.

இதில் சிக்கல் எங்கே வருகிறது? பட்டம் தொலைந்தாலோ, உண்மைத்தன்மைச் சான்று தேவைப்பட்டாலோ, பட்டம் கொடுத்த பல்கலைக்கழகம்தான் அதைத் தர முடியும். 1985-இல் பி.ஏ. முடித்தவருக்கு அபிஷேகப்பட்டியில் பதிவேடு இருக்காது. மதுரைக்குத்தான் போக வேண்டும். திருவிதாங்கூர் முத்திரை என்றால் திருவனந்தபுரத்திலுள்ள கேரளப் பல்கலைக்கழகம். புகுமுக வகுப்பு மதிப்பெண் பட்டியலுக்கும் இதே கணக்குதான், அதையும் அன்று பல்கலைக்கழகமே கொடுத்தது. கல்லூரிகள் ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறிய காலத்தில் படித்தவர்கள் ஆண்டை வைத்து முடிவு கட்டக் கூடாது. பட்டத்தின் தலைப்பை வாசித்துவிட்டு வண்டி ஏறுங்கள்.

பொறியியலில் குழப்பம் இன்னும் கூடுதல். தொண்ணூறுகளில் இங்கே பி.இ. படித்தவர்களின் பட்டத்தில் மனோன்மணியம் சுந்தரனார் முத்திரை இருக்கும். 2001-இல் இணைவு அதிகாரம் அண்ணா பல்கலைக்கழகத்துக்குப் போனது. 2007 முதல் சில ஆண்டுகள் திருநெல்வேலி அண்ணா பல்கலைக்கழகம் தனியாக இயங்கி, பிறகு சென்னையோடு மீண்டும் இணைந்தது. பி.எட். படித்தவர்களுக்கு, 2008-இல் தொடங்கிய தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம். எனவே ‘நெல்லை யுனிவர்சிட்டி’ என்று யாராவது சொன்னால் எதைச் சொல்கிறார் என்று இரண்டு தடவை கேட்டுக்கொள்வது நல்லது.

ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி, ஹோலி கிராஸ் கல்லூரி போன்ற தன்னாட்சிக் கல்லூரிகளில் தேர்வை நடத்துவதும் மதிப்பெண் பட்டியல் அடிப்பதும் கல்லூரிதான்; பட்டம் மட்டும் பல்கலைக்கழகம் தருகிறது. வெளிநாட்டுச் சரிபார்ப்பு நிறுவனங்கள் இந்த இடத்தில்தான் தடுக்கி நிற்கும். மார்க் ஷீட்டில் ஒரு பெயர், பட்டத்தில் வேறொரு பெயர் என்று கேள்வி போடுவார்கள். மதிப்பெண்ணைச் சரிபார்க்கக் கல்லூரியின் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகம், பட்டத்தைச் சரிபார்க்கப் பல்கலைக்கழகம் என்று விண்ணப்பத்திலேயே பிரித்து எழுதிவிட்டால் ஒரு மாத அலைச்சல் மிச்சம்.

வளைகுடா வேலைக்குப் போகிறவர்கள் நிறைந்த ஊர் இது. புரொவிஷனல் (தற்காலிக) சான்றிதழை நம்பிக் கிளம்பாதீர்கள். பட்டமளிப்பில் தரும் அசல் பட்டத்தைத்தான் கேட்பார்கள். அதற்குத் தனியாக விண்ணப்பித்துப் பணம் கட்ட வேண்டும் என்பதே தெரியாமல் வருடக்கணக்கில் விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அசல் கைக்கு வந்ததும் மாநில அரசின் சரிபார்ப்பு, பிறகு வெளியுறவு அமைச்சகம், அதற்குப்பின் போகும் நாட்டைப் பொறுத்து. ஓமன், பஹ்ரைன், 2022 டிசம்பர் முதல் சவூதி ஆகிய நாடுகளுக்கு அமைச்சகம் தரும் அப்போஸ்டில் என்ற சான்று முத்திரை போதும். அமீரகம், குவைத் என்றால் அந்த நாட்டுத் தூதரக முத்திரையும் வேண்டும்.

பட்டம் கையில் கிடைத்த அன்றே கடைக்குக் கொண்டுபோய் லேமினேட் செய்வதுதான் நம் வீடுகளில் நடக்கும் பெரிய தப்பு. அட்டெஸ்டேஷன் முத்திரைகள் பெரும்பாலும் சான்றிதழின் பின்பக்கம் விழும். பிளாஸ்டிக்கின் மேல் மை பிடிக்காது, அலுவலகத்தில் வாங்கவும் மாட்டார்கள். சூடு காட்டிப் பிரிக்கப் போனால் அச்செழுத்து பிளாஸ்டிக்கோடு உரிந்து வரும். முத்திரை இருந்த இடத்தில் வெள்ளைத் திட்டுதான் மிஞ்சும். பிறகு நகல் பட்டத்துக்கு அலைய வேண்டியதுதான். ஒரு பக்கம் திறந்த உறையில் போட்டு வைத்தாலே போதும்.

அடுத்தது பெயர். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் உள்ளபடிதான் கல்லூரியில் பெயர் ஏறும். முதல் செமஸ்டர் நாமினல் ரோலில் (மாணவர் பெயர்ப் பட்டியலில்) கையெழுத்துப் போடும்போது பிள்ளைகள் வாசித்துப் பார்ப்பதில்லை. ஆங்கிலத்தில் ஒரு ‘எச்’ கூடியிருக்கும், இனிஷியல் முன்பின் மாறியிருக்கும். அன்றைக்குச் சொன்னால் கல்லூரி அலுவலகத்திலேயே ஒரு வெள்ளைத்தாள் விண்ணப்பத்தோடு முடிந்துவிடும். பட்டம் அச்சான பிறகு என்றால் கட்டணம், அசலைத் திருப்பி ஒப்படைப்பது, முதல்வரின் பரிந்துரை என்று நீளும். பாஸ்போர்ட் எடுக்கும்போது இனிஷியலை விரித்து எழுத நேர்ந்தால், இரண்டு பெயரும் ஒருவரே என்ற உறுதிமொழிப் பத்திரத்தையும் கையோடு தயார்செய்துவிடுங்கள்.

தொலைந்த பட்டத்துக்கு முதலில் காவல் நிலையத்தில் புகார். ‘கண்டுபிடிக்க இயலவில்லை’ என்ற சான்று அங்கிருந்து கிடைத்த பிறகே நகலுக்கு விண்ணப்பிக்க முடியும். பதிவெண்ணும் தேர்ச்சி பெற்ற மாதமும் ஆண்டும் தெரிந்தால் வேலை பாதி குறையும். பழைய மார்க் ஷீட்டின் ஜெராக்ஸ் அலமாரியில் கிடந்தால் வீசிவிடாதீர்கள்.

இன்னும் இரண்டு சின்னத் தகவல்கள் அறிமுகக் கட்டுரைகளில் விட்டுப்போகின்றன. இப்பல்கலைக்கழகத்தின் கடல்சார் அறிவியல் தொழில்நுட்ப மையம் நம் ராஜாக்கமங்கலத்தில்தான் இருக்கிறது. நாகர்கோவில்காரர்களிலேயே பலருக்குத் தெரியாது. மற்றொன்று, ‘மனோன்மணியம்’ என்பது சுந்தரனாரின் பெயரல்ல, 1891-இல் வெளிவந்த அவருடைய நாடகத்தின் பெயர். தமிழ்த்தாய் வாழ்த்து அந்த நூலிலிருந்து எடுத்ததுதான். அவர் ஆலப்புழையில் பிறந்து திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியராக இருந்தவர். அன்றைய திருவிதாங்கூரில் நாமும் இருந்தோம் என்பதால், நெல்லைக்காரர்களை விட நமக்கு அந்தப் பெயரில் உரிமை ஒரு பிடி கூடுதல் என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம்.

அடுத்த முறை கல்லூரிச் சிறப்புப் பக்கம் போடும்போது, எந்தக் காலத்துப் பட்டத்துக்கு எந்தப் பல்கலைக்கழகம் என்பதை மட்டுமாவது ஒரு பெட்டிச் செய்தியாக வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கல்லூரி அலுவலர்கள் சிலர்,
நாகர்கோவில்.