சாங்தொக்குங் அரண்மனையை வழிகாட்டியோடுதான் பார்க்க வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் கொரியா போய்வந்த வாசகர் ஒருவர் எழுதியிருந்த கடிதத்தைப் படித்தேன். சியோலில் சாங்தொக்குங் அரண்மனையின் பின்தோட்டத்துக்குத் தனியாகச் சீட்டு வாங்க வேண்டியிருக்கிறது, இஷ்டப்படி சுற்ற விடாமல் வழிகாட்டி பின்னாலேயே பள்ளிப் பிள்ளைகள் மாதிரி கூட்டிக்கொண்டு போகிறார்கள், அதற்குப் பதில் கியோங்போக்குங் அரண்மனையில் ஹன்பொக் என்ற கொரியப் பாரம்பரிய உடை உடுத்தி நாலு படம் எடுத்துக்கொண்டு வந்தாலே போதும் என்று எழுதியிருந்தார். வெயிலில் நடந்த களைப்பு புரிகிறது. ஆனால் இதைப் படித்துவிட்டு, கொரியத் தொடர் பார்த்த ஆசையில் கிளம்பும் நம் பிள்ளைகள் அந்தத் தோட்டத்தைப் பார்க்காமலே திரும்பிவிடக் கூடாது. அதனால்தான் எழுதுகிறேன். என் மகள் அங்கே படிக்கிறாள், அந்தப் புண்ணியத்தில் எனக்கு இந்த அரண்மனையை நிதானமாகப் பார்க்கக் கிடைத்தது.

கொரிய அரண்மனைக்குள் சும்மா நுழைந்தால் கண்ணில் படுவது பெரும்பாலும் காலிக் கூடங்கள்தான். நகை, வாள், கிரீடம் என்று கண்ணாடிப் பெட்டியில் அடுக்கியிருக்க மாட்டார்கள். சிவப்புத் தூண், பச்சையும் நீலமும் தீட்டிய உத்தரம், காகிதம் ஒட்டிய கதவு, அடுத்த முற்றத்திலும் அதே தூண், அதே கதவு. கொஞ்ச நேரத்தில் எல்லாம் ஒன்றுபோலத் தெரிய ஆரம்பித்துவிடும். 1405-இல் தேஜோங் மன்னர் கட்டியது, 1592-இல் ஜப்பான் படையெடுத்த போரில் எரிந்துபோய்த் திரும்பக் கட்டியது என்று பலகையில் போட்டிருக்கும், படித்துவிட்டு நகர்ந்துவிடுவோம். ஆனால் அந்தப் போரில் கியோங்போக்குங்கும் எரிந்தது, அதை 1860-கள் வரைக்கும் கிட்டத்தட்ட 270 ஆண்டுகள் யாரும் திரும்ப எழுப்பவில்லை, அவ்வளவு காலமும் ஜோசொன் வம்சத்து மன்னர்கள் ஆட்சி நடத்தியது பெரும்பாலும் இந்தச் சாங்தொக்குங்கில் இருந்துதான் என்று பக்கத்தில் நின்று ஒருவர் சொல்லும்போது நடை தானாக மெதுவாகிறது.

அரியணை மண்டபத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இன்ஜொங்ஜொன் என்று பெயர். முன்னால் கல் பாவிய முற்றம், அதில் இரண்டு வரிசையாகக் குட்டையான கற்கள். எந்தப் பதவிக்காரர் எங்கே நிற்க வேண்டும் என்று பொறித்த கற்கள் அவை. நிர்வாக அதிகாரிகள் கிழக்கே, படை அதிகாரிகள் மேற்கே. எங்கள் வழிகாட்டிப் பெண் எங்களை அந்தக் கற்களுக்குப் பக்கத்தில் நிற்க வைத்துவிட்டு, அங்கிருந்தே மண்டபத்தைப் பார்க்கச் சொன்னார். கடைசிக் கல்லில் இருந்து பார்த்தால் அரியணை இருக்கும் இடம் வெறும் இருட்டு. கடைசிப் படியில் இருந்தவருக்கு மன்னர் அவ்வளவு தூரம்!

அப்புறம் வாசல் வரைக்கும் கூட்டிப்போய் உள்ளே பார்க்கச் சொன்னார். அரியணைக்குப் பின்னால் சூரியன், சந்திரன், ஐந்து மலைகள் தீட்டிய திரை. மேலே விதானத்தில் ஒரு ஜோடிப் பீனிக்ஸ் பறவைகள். அதே மண்டபத்தில் மஞ்சள் மின்விளக்குகள் தொங்குகின்றன, ஜன்னலில் திரைச்சீலை, தரையில் மேல்நாட்டுப் பாணியில் மரப்பலகை. சுன்ஜோங் மன்னர் 1907-இல் இங்கே குடிவந்த பிறகு செய்த மாற்றங்களாம். மூன்றே வருடத்தில், 1910-இல், நாட்டை ஜப்பானோடு இணைக்கும் முடிவு எடுத்த கடைசி மந்திரி சபையும் இதே வளாகத்தில்தான் கூடியது. நாடு போன பிறகும் சுன்ஜோங் 1926-இல் சாகும் வரை இங்கேயேதான் இருந்தார். இதையெல்லாம் கேட்ட பிறகு அந்த விளக்குகளை அலங்காரம் என்று நினைக்க முடியவில்லை.

பக்கத்தில் இன்னொரு கட்டடம், ஹுயிஜொங்தாங். அதன் முகப்பில் கார் வந்து நிற்பதற்கென்றே ஒரு கூரை நீட்டிக் கட்டியிருக்கிறார்கள். 1917-இல் தீப்பிடித்து எரிந்ததும், கியோங்போக்குங்கில் இருந்த ஒரு மாளிகையைப் பிரித்து, அந்த மரங்களைக் கொண்டுவந்து 1920-இல் இங்கே கட்டி முடித்தார்கள். ஒரு வீட்டைப் பிரித்துத்தான் இன்னொரு வீடு. தனியாகப் போயிருந்தால் இதை நான் கவனித்தே இருக்க மாட்டேன்.

நக்சொன்ஜே என்ற வீட்டைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. 1847-இல் ஹொன்ஜோங் மன்னர் கட்டியது. வண்ணமே பூசாத மரம், ஜன்னலுக்கு ஜன்னல் வேறுவேறு சட்டக் கோலம். அரச குடும்பத்தின் கடைசிப் பெண்கள் இந்த வளாகத்தில்தான் வாழ்ந்தார்கள். சிறுமியாக இருக்கும்போதே ஜப்பானுக்கு அனுப்பப்பட்டு 1962-இல்தான் திரும்பி வந்த தொக்ஹே இளவரசியும், ஜப்பானில் பிறந்து கடைசிப் பட்டத்து இளவரசருக்கு மனைவியாக வந்த யி பாங்ஜாவும் 1989 ஏப்ரலில், சில நாள் இடைவெளியில், இங்கே இறந்தார்கள். 1989! எங்கோ பழைய காலத்துக் கதை என்று கேட்டுக்கொண்டிருந்தோம், நம் வீட்டில் டிவி வந்த பிறகு நடந்தது.

சரி, அந்த வாசகருக்குக் கோபம் வந்த தோட்டத்துக்கு வருகிறேன். ஹூவோன் என்பார்கள். அரண்மனைப் பரப்பில் பாதிக்கும் மேல் இதுதான். மேட்டை வெட்டிச் சமன் செய்யாமல், இருக்கிற சரிவுக்கும் ஓடைக்கும் ஏற்றபடி மண்டபங்களை வைத்திருக்கிறார்கள். முதலில் புயோங்ஜி குளம், சதுரக் குளத்துக்கு நடுவே வட்டத் திட்டு. மேலே ஜொங்ஜோ மன்னர் பட்டத்துக்கு வந்த 1776-இல் கட்டிய ஜுஹம்னு மாடம், அதன் கீழ்த்தளத்தில் அரச நூலகம். அங்கே ஏறும் வாயிலில் நடுக்கதவு உயரம், மன்னருக்கு. இரண்டு பக்கமும் இருக்கும் கதவுகள் குனிந்தால்தான் நுழைய முடியும், அவை அதிகாரிகளுக்கு. குளக்கரை விருந்தில் சொன்ன நேரத்துக்குள் கவிதை எழுத முடியாதவரை அந்த நடுத்திட்டுக்கு விளையாட்டாக 'நாடு கடத்துவார்' ஜொங்ஜோ என்று சொல்வார்கள்.

இன்னும் உள்ளே போனால் ஓங்னியுசொன் ஓடை. 1636-இல் இன்ஜோ மன்னர் காலத்தில் பாறையில் வாய்க்கால் செதுக்கித் தண்ணீரை வளைத்து விட்டிருக்கிறார்கள். அதற்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு நெல்வயல், அதை ஒட்டி வைக்கோல் வேய்ந்த ஒரு மண்டபம். ஓட்டுக்கூரைகளுக்கு நடுவே அது ஒன்றுதான் கூரை வீடு. மன்னர் தன் கையால் நாற்று நட்டு, அறுவடை முடிந்ததும் அந்த வைக்கோலாலேயே கூரை வேய்வார்களாம், இன்றைக்கும் அந்த வயலில் நடவு நடக்கிறது. தஞ்சாவூர்க்காரியான எனக்கு அந்த இடத்தை விட்டு நகர மனமே வரவில்லை. விவசாயியின் பாடு என்ன என்று அரசன் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக அரண்மனைக்குள்ளேயே ஒரு வயலை வைத்திருக்கிறார்கள் என்றால் அதை நின்று பார்க்கத்தானே வேண்டும்?

இந்த இடத்துக்குள் எல்லாரையும் எப்போதும் திறந்துவிட முடியுமா? நேரம் குறித்த சீட்டு, ஒரு தடவைக்கு இத்தனை பேர்தான் என்ற கணக்கு எல்லாம் சும்மா வைத்தது கிடையாது. 1997-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த இடம், எல்லாம் மரக் கட்டடங்கள். 2008-இல் அதே நகரத்தின் நம்தேமுன் கோட்டை வாயிலுக்கு ஒரு ஆள் இரவில் தீ வைத்ததில் மேலே இருந்த மர மாடம் பெரும்பாலும் எரிந்துபோனது, சரிசெய்து திறக்க 2013 ஆகிவிட்டது. அப்படி ஒன்றைப் பார்த்தவர்கள் கவனமாகத்தான் இருப்பார்கள். தூணில் பெயர் கிறுக்கி வைக்கும் பழக்கம் உள்ள ஊரில் இருந்து போகும் நாம் இதற்குக் கோபப்படவே கூடாது.

அந்த வாசகர் சொன்னதில் ஒன்று மட்டும் நியாயம். வேகம் அதிகம். ஏற்ற இறக்கமான பாதை, முட்டி வலி உள்ளவர்கள் கூட்டத்தோடு ஈடுகொடுக்கச் சிரமப்படுவார்கள். குளக்கரையில் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார விட்டால் நன்றாக இருக்கும் என்று எனக்கும் தோன்றியது.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை சியோல் பயணக் கட்டுரை வந்தால் பெட்டிச் செய்தியாக இவற்றையும் போடுங்கள்: சாங்தொக்குங்குக்குத் திங்கள் விடுமுறை, கியோங்போக்குங்குக்குச் செவ்வாய். தோட்டத்துச் சீட்டை இணையத்தில் முன்கூட்டியே எடுத்துவிடுவது நல்லது, இலை சிவக்கும் பருவத்தில் சட்டென்று தீர்ந்துவிடும். கொரிய மொழிச் சுற்று, ஆங்கிலச் சுற்று என்று தனித்தனி நேரங்கள் உண்டு, பார்த்து எடுக்க வேண்டும். அரண்மனைக் கூடங்களைச் சுற்றிக் காட்டுவதற்குத் தனிக் கட்டணம் இல்லை, நுழைவுச் சீட்டே போதும். ஹன்பொக் உடுத்திப் போனால் அரண்மனைக்குள் நுழைய அந்தச் சீட்டும் வேண்டாம், தோட்டத்துக்கு மட்டும் பணம் கட்ட வேண்டும். அதனால் படம் எடுக்கும் ஆசை உள்ளவர்கள் தாராளமாக அதே உடையில் வழிகாட்டியோடும் நடக்கலாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
தஞ்சாவூர்